தமிழ்நாட்டை மிதிக்காமல்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலேயே என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா திட்டுவாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில்கூட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் இருப்பேன். தம்பி காலாப்பட்டு ஜெயிலில் இருந்த நாட்களில் இது முற்றிப் போயிற்று. சோறு வடிக்கும்போது நடந்தேன், போன் பேசும்போது நடந்தேன். தூக்கத்திலும் நடந்திருப்பேன், பார்த்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை, அம்மாவும் அவர் பின்னாலேயே போய்விட்டாள். நான் விடியலில் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து, குழம்பு வைத்து, தட்டாஞ்சாவடி பட்டறைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். ஸ்கூட்டரில் கேரியர்களை மாட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது தம்பியின் வேலை. அவனுக்கும் எனக்கும் பதினாலு வயது வித்தியாசம். அக்கா என்று கூப்பிடுவானே தவிர, என்னிடம் வாங்கிய அடியெல்லாம் அம்மா அடிதான்.

எங்கள் தெருவையும் சொல்லிவிட வேண்டும். தெரு போய் முட்டுகிற இடத்தில் ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. ஒயின் ஷாப் எங்கள் பக்கம், டீக்கடையும் மாவு மில்லும் அவர்கள் பக்கம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாநிலம் விட்டு மாநிலம் போகிறோம் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்துப் பார்த்ததே கிடையாது. கரண்ட் போனால்தான் எல்லை கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் இருட்டாக இருக்கும், இன்னொரு பக்கம் டிவி ஓடும்.

தம்பி மேல் முதல் கேஸ் குடியால் வந்தது. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போய், ரெட்டியார்பாளையத்தில் ரோட்டோரம் நடந்துபோன ஒரு பெரியவர்மேல் இடித்துவிட்டான். அவருக்குக் காலில் காயம், நல்லவேளை எலும்பு உடையவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன், "அவ்ளோதான்க்கா, ஜாமீன் குடுத்துட்டாங்க, முடிஞ்சுது" என்றான். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜாமீன் என்றால் மன்னிப்பு என்றுதான் எங்கள் தெரு முழுக்க அர்த்தம்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்ததை அவன் எனக்குச் சொல்லவில்லை. கூடச் சுற்றுகிற பிள்ளைகளிடம், "போவலன்னா யாரு பாக்கப் போறா?" என்று சொல்லியிருக்கிறான். தெரிந்திருந்தால் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவன் போகாததால் கோர்ட் அவன் பெயரில் பிடிவாரண்ட் போட்டது. அது எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் இரண்டாவது கேஸ். சாப்பாடு கொடுத்துவிட்டுக் காலி கேரியர்களோடு திரும்பும்போது வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். இவன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு கஞ்சாப் பொட்டலம். நான் ஊறுகாய்ப் பாக்கெட் வைக்கிற இடத்தில்! அங்கே விசாரித்தபோது தூங்கிக்கொண்டிருந்த வாரண்டும் எழுந்துகொண்டது. அன்றைக்கே ரிமாண்ட், காலாப்பட்டு.

பட்ட காலிலே படும் என்பார்கள். பட்டது அவன் கால், நொண்டியது நான். மறுநாள் மதியம் சாப்பாடு வரவில்லை என்று பட்டறைகளிலிருந்து போன் மேல் போன். ஆட்டோ பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி எங்கம்மா?" என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தில் கேரியரைத் தூக்கி ரோட்டில் அடிக்கலாம் போல் இருந்தது.

வக்கீலைப் பிடித்தேன். என்னைவிட வயதில் சின்ன பெண், படபடவென்று பேசுவார். கோர்ட் வராந்தாவில் என்னை நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"வண்டி கேஸு ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுக்கக்கூடிய கேஸு. அதுல ஒண்ணும் பயமில்ல. உங்க தம்பி வாய்தாவுக்குப் போவாததுதான் தப்பு. கஞ்சா கேஸ்ல சட்டத்துக்குக் கண்ணு தராசுல இருக்கும்மா. கொஞ்சமா இருந்தா ஒரு மாதிரி, அதுக்கு மேல போனா வேற மாதிரி, மூட்டை கணக்குல இருந்தா ஜாமீன் பேச்சையே எடுக்க விடமாட்டாங்க. உங்க தம்பிகிட்ட இருந்தது கொஞ்சம்தான். கெடச்சிரும்."

"கெடச்சா முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

வக்கீலம்மா இல்லை என்று தலையாட்டினார். "ஜாமீன்னா விடுதலை இல்லக்கா. பக்கத்து வீட்டுல அண்டா இரவல் வாங்குவீங்க இல்ல, அந்த மாதிரி. உங்க தம்பிய கோர்ட்டு உங்களுக்கு இரவல் குடுக்குது. கேக்குறப்பல்லாம் கொண்டாந்து காட்டணும். நசுங்காம."

இதை முதல் கேஸிலேயே யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா? அண்டா விஷயம் எனக்குப் புரியும். எங்கள் வீட்டு அண்டா எத்தனை கல்யாணத்துக்குப் போய் நசுங்கி வந்திருக்கிறது.

இரண்டு கேஸுக்கும் சேர்த்து ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட் அனுமதி இல்லாமல் புதுச்சேரி எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒன்றில் தவறினாலும் ஜாமீன் ரத்து. வழக்கு முடிகிறவரை உள்ளேயே கிடக்க வேண்டும். வக்கீலம்மா படித்துச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன்.

ஒரு பிணை நான். இன்னொன்றுக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எங்கள் தெருவிலேயே மரியாதைப்பட்ட மனுஷர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். மாடி வீடு, கார், இஸ்திரி கலையாத சட்டை. தெருவில் சண்டை வந்தால் அவர் வெளியே வந்து இருமினாலே போதும், அவனவன் வீட்டுக்குள் போய்விடுவான். கேட்டதும் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இவரே நிற்கும்போது எந்தக் கோர்ட் மறுக்கப் போகிறது என்று நான் மிதப்பில் இருந்தேன்.

அங்கே குமாஸ்தா, "ஆதார் குடுங்க சார்" என்றார். முசியே தோல் உறையிலிருந்து பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து, இரண்டு விரலால் மேஜைமேல் வைத்தார்.

குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், நீங்க பிரெஞ்சு சிட்டிசனா? அப்ப ஒத்துக்க மாட்டாங்க. உள்ளூர்க்காரங்க வேணும்."

"நான் உள்ளூர்தான்யா. இங்க பொறந்தேன். எங்க அப்பா இங்க பொறந்தாரு. அந்த ஆஸ்பத்திரியில," என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார் முசியே.

"ஓட்டு இருக்குதா சார்?"

"இருக்குதே! எலெக்சியோன் வந்தா கான்சுலேட்ல போய்ப் போடுவேன். பாரீஸ் பிரசிடெண்டுக்கு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. தெருவிலேயே பெரிய மனுஷர் என்று கூட்டிவந்தால், கோர்ட் கணக்கில் அவர் வெளிநாட்டுக்காரர். காரில் கூட்டிவந்து வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது முசியே, "பர்தோன், மகளே" என்றார். "நீங்க எதுக்கு முசியே மன்னிப்புக் கேக்குறீங்க, தப்பு அந்த நாயோடது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்குப் போன் போட்டேன். தினமும் எங்கள் சாப்பாடு சாப்பிடுகிறவர். காய்ச்சல் என்று சொன்ன பொய்யை உடைத்து உண்மையைச் சொன்னேன். அவர், "எத்தினி மணிக்கு வரணும் சொல்லு" என்றார்.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். புதுச்சேரி எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது. போகக் கூடாது. வாசலுக்கு வந்தேன். தெரு முனையில் ரோடு தெரிந்தது, ரோட்டுக்கு அப்பால் டீக்கடை தெரிந்தது. அப்போதுதான் தலையில் இடி விழுந்தது.

காலாப்பட்டு புதுச்சேரிதான். ஆனால் தனித்தீவு மாதிரி கிடக்கிறது. அங்கேயிருந்து டவுனுக்கு வருகிற ரோடு நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. கோட்டக்குப்பத்தைத் தாண்டாமல் எப்படி வருவான்? ஜெயில் வாசலில் அவிழ்த்துவிட்டால், வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே நிபந்தனையை மீறிவிடுவானே!

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"அய்யோ அக்கா, அதெல்லாம் வீட்டுக்கு வர்ற வழி. ரோடு அப்டித்தான இருக்குது? அதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது. யாரு பாக்கப் போறா! இதையேதான் என் தம்பி சொல்லிவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். அவன் பொறுக்கி, சொன்னான். படித்த நீங்களும் அதையேவா சொல்வீர்கள்?

"எழுத்துல குடுக்க முடியுமாம்மா, அந்த ரோட்டுல வரலாம்னு?" என்று கேட்டேன்.

"தனியா ஒரு பெட்டிஷன் போடலாம். ஆனா அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆவும். அதுவரைக்கும் அவரு உள்ளதான் இருக்கணும். இதுக்குப் போயா? நான் சொல்றேன், ஒண்ணும் ஆவாது."

போனை வைத்துவிட்டேன். சூடு கண்ட பூனை நான். கோர்ட் ஒன்று சொன்னால் அதற்குப் பக்கத்தில் சின்ன சந்து இருக்கிறது என்று ஆளாளுக்குக் காட்டுகிறார்கள். அந்தச் சந்தில் புகுந்துதான் அவன் காலாப்பட்டு போய்ச் சேர்ந்தான்.

விடியலில் வைத்திக்குப்பத்துக்கு மீன் எடுக்கப் போனபோதும் இதே நினைப்புதான். எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற அண்ணன் போட்டை மணலில் ஏற்றிவிட்டு வலையிலிருந்து சங்கரா மீனை உருவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடல் கிடந்தது. நான் நின்ற மணல் புதுச்சேரி. வடக்கே பார்த்தேன். இங்கே இருந்து காலாப்பட்டு வரைக்கும் ஒரே தண்ணீர். ரோடு இல்லை, போர்டு இல்லை, மாநிலம் இல்லை.

"அண்ணே," என்றேன். "காலாப்பட்டுல இருந்து இங்க ஒரு ஆளக் கடல்லயே கூட்டியாந்துடலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரலாம். ஏன், பஸ்ஸு ஓடலயா?"

"ஓடுது. தம்பிய வுடுறாங்க. அவன் கடல்லதான் வரணும்."

"இன்னா, நேந்துக்கினியா?"

"ஆமான்னு வெச்சிக்கோங்களேன்."

வேண்டுதல் என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாமி காரியத்தில் அங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

காலையில் கோர்ட்டில் நானும் பட்டறைக்காரரும் பிணை நின்றோம். நீதிபதி அவரிடம், "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "தெனமும் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டாந்து குடுக்குறவருங்க" என்றார் அவர். பிறகு நீதிபதி என் பக்கம் திரும்பி, "அவர் தவறினால் நீங்கதான் வந்து பதில் சொல்லணும், தெரியும்ல?" என்றார். "தெரியும்யா" என்றேன். கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டேன். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அம்மாவுக்குப் பதிலாக அவனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போது ஒரே இழுப்பில் போட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் முசியேவின் காரில் காலாப்பட்டு போனோம். நான் எத்தனை மாநிலம் வேண்டுமானாலும் தாண்டலாம், என்மேல் கேஸ் இல்லை. ஜெயில் வாசலில் புளியமரத்தடியில் நிற்க இடம் இருந்தது. நான் நிற்கவில்லை, நடந்தேன். உத்தரவு உள்ளே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததா என்று வாசலில் நின்ற காவலரைப் பிடுங்கி எடுத்தேன். "அம்மா, தாயே, உக்காருங்க. உங்களப் பாத்தா எங்களுக்கே தலை சுத்துது" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் சின்னக் கதவு திறந்தது. தம்பி குனிந்து வெளியே வந்தான். தாடி முளைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. திட்டுவதற்கு எத்தனையோ வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "சாப்டியாடா?" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு முசியேவின் கார் கதவைத் திறக்கப் போனான்.

"அதுல இல்ல. இப்படி வா," என்று கையைப் பிடித்துக் கிழக்கே இழுத்தேன்.

"எங்கக்கா?"

"போட்டுல போறோம்."

"இன்னாது?"

முசியே காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "உங்க அக்காகிட்ட நான் சொல்லிப் பாத்துட்டேன்டா. போ, போ. நான் முன்னாடி போய் அங்க நிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கடற்கரையில் போட்டுக்கார அண்ணன் தண்ணீருக்குள் போட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதல் அலை இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டது. இத்தனை வருஷம் கடற்கரையில் மீன் வாங்கியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் போட்டில் ஏறியதில்லை. அலையை ஏறித் தாண்டும்போது போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்தது. ஐயோ முருகா என்று அலறிவிட்டேன். தம்பி வாந்தி எடுத்தான். அலை தாண்டிய பிறகு கடல் கொஞ்சம் அடங்கியது. தெற்கத்திக் காற்று முகத்தில் அடிக்க, எஞ்சின் கத்திக்கொண்டே போனது. வலப்பக்கம் கரை ஓடிக்கொண்டிருந்தது, தென்னை, வீடு, தென்னை. அத்தனை நாளில் அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அண்ணன் கரையைக் காட்டினார். "அதோ பாரு தங்கச்சி, பள்ளிவாசல் தெரியுது பாரு. கோட்டக்குப்பம்."

"தெரியுது. கரைலதான தமிழ்நாடு? நாம கடல்ல போறோம்," என்றேன் கம்பீரமாக.

"கடலும் அவங்களுதுதான்," என்றார் அவர், சாதாரணமாக.

"இன்னா அண்ணே சொல்றீங்க?"

"பின்ன? எந்தக் கரைக்கு நேரா இருக்குதோ அந்தக் கரையோட கடலு. இங்க நாங்க வந்து வலை வுட்டா அவங்க வுடுவாங்களா? வெட்டுக்குத்து ஆயிடும். இப்ப நாம போறது தமிழ்நாட்டுத் தண்ணிதான்."

"அத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கடல்ல கூட்டியா, வேண்டுதல்னே. கூட்டியாறேன்."

"அப்ப இன்னும் உள்ள ஓட்டுங்க அண்ணே. ஆழத்துக்கு. அவங்க கடலுக்கு அந்தாண்ட."

அண்ணன் எஞ்சினைக் குறைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோ தூரம் போவ? ரொம்பப் போனா இந்தியாவே முடிஞ்சிரும். அதுக்கு வேற கேஸு போடுவான்."

தம்பிக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா முழம் இன்னாக்கா, வுடு" என்றான்.

நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு அழுதேன், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "சிரிக்கிறியாடா? சிரி! வாய்தாவுக்குப் போவலன்னா யாரு பாக்கப் போறான்னே. வக்கீலம்மாவும் யாரு பாக்கப் போறாங்குது. ஆளாளுக்கு அதையே சொன்னா உன்ன எத வெச்சுடா நான் புடிச்சி நிறுத்துவேன்? என்கிட்ட இருக்கிறது அந்த உத்தரவு ஒண்ணுதான்டா. நீ தவறினா நான் வந்து நிக்கணும்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்பா அம்மா எடத்துல போட்டிருக்கேன்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தான். நான் மூக்கைச் சிந்திவிட்டு, பிடிபட்ட நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"யாருதுடா அந்தப் பொட்டலம்?"

போலீஸிடமும் வக்கீலம்மாவிடமும் கூட்டாளி வைத்தது, தனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தான். இப்போது என் பக்கம் திரும்பினான்.

"என்னுதுதான்க்கா."

என் இரண்டு கையும் போட்டைப் பிடித்திருந்தன. இல்லையென்றால் அறைந்திருப்பேன். அறைய முடியாததும் நல்லதாகப் போயிற்று. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொய் சொல்லிவிட்டு அடி வாங்குவான். அடிக்கு முன்னால் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. போட்டுக்கார அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மறுபடியும் வேகம் கூட்டினார்.

வைத்திக்குப்பம் மணலில் முசியே எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கையில் ஒரு துண்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட். "எப்படி, கப்பல் பிரயாணம் சௌக்கியமா?" என்றார். என் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டு, துண்டைத் தம்பி தோளில் போட்டார்.

அன்றிரவு அவன் தூங்கினான். நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். என்னுதுதான் என்று சொல்லிவிட்டான், சரி. கூட்டாளிகள் அதே கோட்டக்குப்பத்தில்தான் இருக்கிறார்கள், ரோட்டைத் தாண்டினால் போதும். எனக்குக் கடல் எல்லை தெரியவில்லை என்பதா பெரிய விஷயம்? ஒரு நாள் போட்டில் கூட்டிவந்தேன். தினம் தினம் யார் கூட்டிவருவது? வக்கீலம்மா சொன்ன வழக்கு முடிகிற நாள் எப்போது வருமோ, அதுவரைக்கும் இப்படி விழித்தே கிடப்பேனா?

காலையில் கண் விழித்தபோது அவன் பாய் காலியாக இருந்தது. சட்டை ஆணியில் இல்லை. கையெழுத்துப் போட இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷன் தெற்கே, வாசல் கதவு கோட்டக்குப்பம் இருக்கிற வடக்கே பார்த்துத் திறந்து கிடந்தது. முந்தானையைக்கூடச் சரி செய்யாமல் தெரு முனைக்கு ஓடினேன். போய்விட்டான், தாண்டிவிட்டான், எல்லாம் முடிந்தது என்றே ஓடினேன்.

ரோட்டோரத்தில் நின்றிருந்தான். இந்தப் பக்கம். லாரி ஒன்று போகிறவரை பொறுத்திருந்து, எதிர்ப்பக்க டீக்கடையைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, ஒரு டீ!"

"வா, போட்டு வெச்சிருக்கேன்," என்றார் டீக்கடைக்காரர்.

"வர முடியாதுண்ணே. இங்க கொண்டாந்து குடுங்க."

"ஏன்டா, கால்ல ஆணியா? நாலு எட்டு வெச்சு வாயேன். ஜாமீன்ல வந்திருக்கியாமே, அதுக்கா? டேய், யார்ரா பாக்கப் போறா?"

நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது.

"எங்க அக்கா கையெழுத்துப் போட்டிருக்குதுண்ணே," என்றான்.

டீக்கடைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். நான் சத்தம் போடாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அன்றைக்குக் குழம்பு கொதித்து இறங்குகிற வரைக்கும் அடுப்புப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.